ரேடியேட்டரில் சம்மட்டிச் சத்தம்: எப்போது, எங்கே என்று முதலில் கேளுங்கள்

நியூ ஜெர்சியிலோ குவீன்ஸிலோ பாஸ்டன் பக்கத்திலோ 1930க்கு முன்னால் கட்டிய, பாய்லரின் நீராவியை ரேடியேட்டர்களுக்கு அனுப்பிச் சூடாக்கும் வீட்டை வாங்கிக் குடிபோகும் நம்மவர்கள், முதல் குளிர்காலத்தில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “பேஸ்மென்ட்ல யாரோ சம்மட்டியால அடிக்கிற மாதிரி இருக்கே, பாய்லர் வெடிச்சிடுமா?” அந்தச் சத்தம் பாய்லர் வெடிக்கப்போவதற்கான அறிகுறி அல்ல. குழாய்க்குள் தேங்கி நிற்கும் தண்ணீரை நீராவி தூக்கி அடிக்கும் சத்தம் அது. வாட்டர் ஹேமர் என்பார்கள். ஆனால் அப்படியே விட்டுவைக்கவும் கூடாது. நாள்பட நாள்பட ஏர் வென்ட்டுக்குள் இருக்கும் மிதவை நசுங்கும், வால்வை ரேடியேட்டரோடு சேர்க்கும் யூனியன் தளர்ந்து கசியும், நூறு வருடத்து வார்ப்பிரும்பு எல்போவில் (குழாய் வளையும் இடத்து இணைப்பு) விரிசல் விழும்.

“பழைய சிஸ்டம், அப்படித்தான் தட்டும்” என்று சொல்லிவிட்டுப் போகிற பிளம்பர்கள் உண்டு. அதை நம்பாதீர்கள். இந்தக் குழாய்களைப் போட்டவர்கள் பம்பு எதுவும் இல்லாமல், குழாயின் வாட்டத்தையும் (சரிவு) தண்ணீரின் எடையையும் மட்டும் வைத்தே நீராவியை மேலே ஏற்றி, தண்ணீரைக் கீழே இறக்கினார்கள். ஒழுங்காக இருக்கும் ஸ்டீம் சிஸ்டத்தில் உங்கள் காதில் விழ வேண்டியது, வென்ட் வழியாகக் காற்று வெளியேறும் மெல்லிய மூச்சு மட்டும்தான். அதற்கு மேல் சத்தம் வந்தால், தண்ணீர் நிற்கக் கூடாத ஓர் இடத்தில் நிற்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலை முழுவதும்.

இட்லிப் பானை மூடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆவி மேலே போய் மூடியில் பட்டுக் குளிர்ந்து தண்ணீராகி, திரும்பச் சொட்டுகிறது. ஒற்றைக் குழாய் ஸ்டீம் சிஸ்டத்தில் நடப்பதும் இதுதான். ஆவி மேலே ஏறும் அதே குழாயில் தண்ணீர் கீழே இறங்குகிறது. குழாயில் வாட்டம் சரியாக இருந்தால் தண்ணீர் அடியில் மெல்லிய ஓடையாக வடியும், ஆவி அதன் தலைக்கு மேல் போகும். ஓர் இடத்தில் குழாய் தொய்ந்து தண்ணீர் தேங்கினால் இரண்டு விதமாக அடி விழும். ஒன்று, ஆவி அந்தக் குட்டையின் மேல் வேகமாகப் போகும்போது அலை எழும்பி, அலை குழாயின் வாயையே அடைத்துக்கொள்ளும். பின்னாலிருந்து ஆவி தள்ள, அந்தத் தண்ணீர்க் கட்டி துப்பாக்கிக் குண்டு மாதிரி ஓடி அடுத்த எல்போவில் மோதும். இரண்டாவது, குளிர்ந்த தண்ணீருக்கு நடுவே ஓர் ஆவிக் குமிழ் மாட்டிக்கொள்ளும். ஒரு பங்கு தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,700 பங்கு இடத்தை அடைக்கும். அந்த ஆவி சட்டென்று குளிர்ந்தால் அவ்வளவு இடமும் ஒரே நொடியில் வெற்றிடமாகிவிடும். இரண்டு பக்கத் தண்ணீரும் பாய்ந்து வந்து நடுவில் மோதிக்கொள்ளும். காதைப் பிளக்கும் அடி பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை.

எல்லாச் சத்தமும் இதுவல்ல. இரும்புக் குழாய் சூட்டில் நீளும். அறைச் சூட்டிலிருந்து ஆவிச் சூட்டுக்குப் போகும்போது 100 அடிக் குழாய் ஒன்றேகால் அங்குலம் வரை நீளும், அதாவது 40 அடி மெயின் குழாய் அரை அங்குலம். மரச் சட்டத்தில் உரசிக்கொண்டு அது நீளும்போது வருவது “டிக்… டிக்… டிக்” என்ற சீரான சத்தம். துளையைக் கொஞ்சம் பெரிதாக்குவதோ, ரேடியேட்டரின் காலடியில் வழுவழுப்பான பிளாஸ்டிக் துண்டு வைப்பதோ போதும். வாட்டர் ஹேமர் “டங்… டடங்” என்று ஒழுங்கில்லாமல், குழாயைத் தொட்டால் கையில் அதிர்கிற மாதிரி இருக்கும்.

பணம் செலவழிப்பதற்கு முன் ஒரு மணி நேரம்

பாய்லர் நன்றாக ஆறிய நிலையில் தெர்மோஸ்டாட்டை ஏற்றிவிட்டு, ஒரு நோட்டும் கடிகாரமும் எடுத்துக்கொண்டு பேஸ்மென்ட்டில் உட்காருங்கள். வீட்டில் இன்னொருவர் மேல்மாடியில் இருந்தால் நல்லது. பர்னர் எத்தனை மணிக்கு எரிந்தது, பாய்லரிலிருந்து கிளம்பும் ஹெட்டர் குழாய் எப்போது சூடானது, முதல் அடி எப்போது விழுந்தது, எந்த இடத்தில், பர்னர் அணைந்த பிறகும் தட்டியதா? இவ்வளவும் எழுதுங்கள். சத்தம் இரும்புக் குழாய் வழியாக வீடு முழுக்க ஓடும் என்பதால் காதை மட்டும் நம்பக் கூடாது. நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியைக் குழாயில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேட்டால் இடம் பிடிபடும். குழாய் சுடும், வெறுங்கை வேண்டாம்.

ஆவி வந்து சேரும் முதல் சில நிமிடங்களிலேயே தட்டினால், முந்தைய சுற்றில் வடியாத தண்ணீர் எங்கோ கிடக்கிறது, ஆகவே குற்றம் வாட்டத்தில். நடுவில், எல்லாம் சூடான பிறகு தட்டினால், பாய்லர் ஆவியோடு தண்ணீரையும் அள்ளி வீசுகிறது அல்லது அழுத்தம் அதிகம். கடைசியிலோ பர்னர் அணைந்த பிறகோ தட்டினால், தண்ணீர் பாய்லருக்குத் திரும்பும் பாதையில் கோளாறு. நூற்றுக்கு நூறு என்று சொல்லமாட்டோம். ஆனால் எங்கிருந்து தொடங்குவது என்பதற்கு இதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

ஒரே ஒரு ரேடியேட்டர் தட்டினால்

முதலில் வால்வு. ஒற்றைக் குழாய் ரேடியேட்டரின் வால்வு ஒன்று முழுக்கத் திறந்திருக்க வேண்டும், இல்லை முழுக்க மூடியிருக்க வேண்டும். அறை சூடாகிறது என்று பாதி மூடி வைத்தால், ஆவி உள்ளே நுழைந்துவிடும், தண்ணீர் அந்தக் குறுகிய வாயில் வெளியே வர முடியாமல் நிற்கும். சூட்டைக் குறைக்க வேண்டுமா, வென்ட்டைச் சிறியதாக மாற்றுங்கள், வால்வைத் தொடாதீர்கள். கைப்பிடியை முழுக்கத் திறந்தும் தட்டுகிறது என்றால், உள்ளே இருக்கும் தட்டு தண்டிலிருந்து கழன்று வாயிலேயே விழுந்து கிடக்கலாம். பழைய வால்வுகளில் இது நடக்கும். கைப்பிடி சுற்றும், ஆனால் வால்வு திறக்காது.

அடுத்தது வாட்டம். ரேடியேட்டரின் மேல் இரண்டடி ரசமட்டத்தை வையுங்கள். குமிழ், வென்ட் இருக்கும் பக்கம் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும். அதாவது வென்ட் பக்கம் உயரம், வால்வு பக்கம் தாழ்வு. நூறு வருடமாக அந்த எடையைச் சுமந்த பலகைத் தரை அமுங்கி, பெரும்பாலான வீடுகளில் நேர்மாறாகத்தான் இருக்கும். வென்ட் பக்கக் கால்கள் இரண்டின் கீழும் கால் அங்குல மரச் சக்கை வைத்தாலே பல ரேடியேட்டர்கள் அன்றைக்கே அடங்கிவிடும். பாய்லர் ஆறிய பிறகு, ஒரு மரக்கட்டையை நெம்புகோலாக வைத்துத் தூக்குங்கள். பத்து செக்‌ஷன் உள்ள வார்ப்பிரும்பு ரேடியேட்டர் ஒரு ஆளின் எடையைத் தாண்டும், தனியாகச் செய்ய வேண்டாம். அளவுக்கு மேல் தூக்கினால் வால்வின் யூனியன் வளைந்து கசியும்.

சக்கை வைத்த பிறகும் தட்டுகிறதா? அப்போது தரைக்கு அடியில் போகும் படுக்கைக் குழாயைச் சந்தேகப்படுங்கள். மெயினிலிருந்து ரேடியேட்டரின் கீழ் வரை போகும் அந்தக் குழாய் மெயினை நோக்கி அடிக்கு அரை அங்குலம் சரிந்திருக்க வேண்டும். ரேடியேட்டர் அமுங்கும்போது அதையும் சேர்த்துக் கீழே அழுத்தியிருக்கும். அப்போது ஒரு பக்கக் கால் மட்டும் போதாது. நான்கு கால்களின் கீழும் அரை அங்குலக் கட்டை கொடுத்து, ரேடியேட்டரோடு குழாயையும் மேலே தூக்கி, அதன் பிறகு வென்ட் பக்கத்துக்கு மட்டும் கூடுதல் சக்கை. தரையைப் பெயர்க்காமல் தீருகிற வேலை இது. பெரும்பாலானவர்களுக்குத் தோன்றுவதில்லை.

ஆவி வர ஒரு குழாய், தண்ணீர் திரும்ப ரிட்டர்ன் என்று இன்னொரு குழாய் இருக்கும் இரட்டைக் குழாய் சிஸ்டமாக இருந்தால் கணக்கு மாறும். ஆவியைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் ஸ்டீம் டிராப் இருக்கும் பக்கம் ரேடியேட்டர் சரிய வேண்டும். அங்கே தட்டுவதற்கு முக்கியக் காரணம், திறந்தபடியே செத்துப்போன டிராப். ஆவி ரிட்டர்ன் குழாய்க்குள் புகுந்து, அங்கே ஓடும் ஆறிய தண்ணீரைச் சந்திக்கிறது. டிராப்புக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சூடு ஒரே அளவில் இருந்தால் டிராப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். டிராப்பை மொத்தமாகக் கழற்ற வேண்டியதில்லை, உள்ளே மாற்றும் கார்ட்ரிட்ஜ் தனியாகக் கிடைக்கிறது. ஒன்றை மட்டும் மாற்றாமல், அதே ரிட்டர்னில் உள்ள எல்லாவற்றையும் சேர்த்தே பாருங்கள். தட்டுகிற இடமும் கெட்ட டிராப்பும் வேறு வேறு அறைகளில் இருப்பது சகஜம்.

பேஸ்மென்ட் கூரையில் ஓடும் மெயின் குழாய்

ஆவியும் தண்ணீரும் ஒரே திசையில் போகும் மெயினுக்கு 20 அடிக்கு ஒரு அங்குலம் வாட்டம் வேண்டும். இரண்டும் எதிரெதிராகப் போகும் மெயினுக்கு 10 அடிக்கு ஒரு அங்குலம். எந்த வகை என்று தெரிய, மெயினின் கடைசி முனையைப் பாருங்கள். அங்கிருந்து ஒரு குழாய் கீழே இறங்கித் தரையோரமாகப் பாய்லருக்குத் திரும்பினால் முதல் வகை. முனை அப்படியே மூடியிருந்தால் தண்ணீர் வந்த வழியே திரும்புகிறது, இரண்டாம் வகை.

நீளமான குழாயில் வாட்டம் பார்க்க நம் ஊர்க் கொத்தனார்களின் டியூப் மட்டத்துக்கு இணை இல்லை. தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூபின் ஒரு முனையை மெயினின் தொடக்கத்திலும் மறுமுனையை குழாயைத் தாங்கும் ஒவ்வொரு ஹேங்கரிடமும் பிடித்து, தண்ணீர் மட்டத்திலிருந்து குழாயின் அடி வரை அளந்து எழுதிக்கொண்டே போங்கள். எண்கள் சீராகக் குறைந்துவந்து நடுவில் ஓரிடத்தில் புரண்டால், அங்கேதான் தொய்வு. ஒரு ஹேங்கர் கழன்றிருக்கும், அல்லது யாரோ அதில் துணி காயப்போட்டு ஏறித் தொங்கியிருப்பார்கள். பத்தடிக்கு ஒரு ஹேங்கராவது வேண்டும். மேலே தூக்கும்போது ஹேங்கர் நட்டை அரைச் சுற்று, அரைச் சுற்றாகத் திருப்பி, இரு பக்கத்து ஹேங்கர்களையும் சேர்த்துச் சரிசெய்யுங்கள். ஒரே மூச்சில் நெம்பினால் குழாய் பிரியும் இடத்து வார்ப்பிரும்பு ‘டீ’ இணைப்பு விரிசல் விட்டுவிடும். சில வீடுகளில் குழாய் நேராக இருக்கும், வீட்டின் உத்தரம்தான் இறங்கியிருக்கும். அது தச்சரின் வேலை.

வாட்டம் சரியாக இருந்தும் தண்ணீர் தேங்கும் இடங்கள் இரண்டு. படுக்கைக் குழாயின் அளவைக் குறைக்கப் போட்ட சாதாரண ரெடியூசர் நடுமையத்தில் சுருங்குவதால் அடியில் ஒரு வரப்பு உண்டாகும். அங்கே அடிப்பக்கம் தட்டையான எக்சென்ட்ரிக் ரெடியூசர் வர வேண்டும். இரண்டாவது குளோப் வால்வு. அதன் உள்வாய் உயர்ந்திருக்கும், அதுவும் வரப்புதான். படுக்கை மெயினில் கேட் வால்வு மட்டும்.

மெயினின் முனையில் பெரிய ஏர் வென்ட் இருக்கிறதா என்றும் அப்படியே பார்த்துவிடுங்கள். பல வீடுகளில் அது செத்துப் பல வருடம் ஆகியிருக்கும், அல்லது பிளக் போட்டு அடைத்திருப்பார்கள். மெயினில் உள்ள காற்று அதன் வழியே வேகமாகப் போகாவிட்டால், எல்லாக் காற்றும் ரேடியேட்டர்களின் சின்ன வென்ட்கள் வழியாகப் போக வேண்டியிருக்கும். அதைச் சரிக்கட்ட யாராவது ரேடியேட்டர்களில் மிக வேகமான வென்ட் போட்டிருந்தால், ஆவி அந்தக் குழாயில் பறந்து போய், இறங்கி வரும் தண்ணீரை அள்ளிக்கொண்டு போகும். வென்ட் தண்ணீர் துப்புவதும் ஹேமரும் சேர்ந்தே வரும். 2 அங்குல மெயினில் 20 அடிக்கு கிட்டத்தட்ட அரைக் கன அடிக் காற்று இருக்கும், அதற்கு கோர்ட்டன் என்ற கம்பெனியின் 1ஆம் எண் அளவு வென்ட் ஒன்று என்பது நடைமுறைக் கணக்கு. கோர்ட்டன் 2 ஏறக்குறைய மூன்று கோர்ட்டன் 1க்குச் சமம். மெயின் வென்ட்டை முனை எல்போவில் நேராகப் பொருத்தாமல், ஓர் அடிக்கு மேல் பின்னால் தள்ளி, ஆறு அங்குல நிப்பிளின் (சிறு குழாய்த் துண்டு) மேல் உட்கார வையுங்கள். அப்போது தண்ணீர் அடித்தாலும் மிதவை தப்பிக்கும்.

நடுவில் தட்டினால்: கண்ணாடியைப் பாருங்கள்

பாய்லரின் பக்கவாட்டில் இருக்கும் தண்ணீர்மட்டக் கண்ணாடிதான் உள்ளே நடப்பதைச் சொல்லும். அணைந்திருக்கும்போது தண்ணீர் பாதிக் கண்ணாடி அளவில் இருக்க வேண்டும். சில மாடல்களில் மூன்றில் இரண்டு பங்கு, பாய்லரோடு வந்த புத்தகத்தில் இருக்கும். கொதிக்கும்போது அரை அங்குலம், முக்கால் அங்குலம் ஆடுவது இயல்பு. கண்ணாடி முழுக்க எகிறிக் குதித்தால், அல்லது தண்ணீர் மட்டத்துக்கு மேலே உள்ள கண்ணாடியின் உள்சுவரில் சொட்டுச் சொட்டாக வழிந்துகொண்டே இருந்தால், பாய்லர் ஈர ஆவியை அனுப்புகிறது. மேலே உள்ள எந்தக் குழாயைச் சரிசெய்தாலும் பயன் இல்லை.

முதல் சந்தேகம் எண்ணெய். புதுப் பாய்லரிலும் புதுக் குழாயிலும் மரை வெட்டிய எண்ணெய் தண்ணீரின் மேல் படலமாக மிதக்கும். பால் பொங்குகிற மாதிரி கொதிநீர் பொங்கி மேலே ஏறும். கீழ் வால்வைத் திறந்து வடித்தால் எண்ணெய் போகாது. தண்ணீர் இறங்க இறங்க அது பாய்லரின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, மறுபடி நிரப்பும்போது திரும்ப மிதக்கும். மேலாக வழித்துத்தான் எடுக்க வேண்டும். இதற்கு ஸ்கிம்மிங் என்று பெயர்.

தண்ணீர் மட்டத்துக்கு மேலே பாய்லரின் பக்கத்தில் ஒரு பெரிய பிளக் இருக்கும், ஒன்றேகால் அல்லது ஒன்றரை அங்குலம். பாய்லர் ஆறியிருக்கும்போது அதைக் கழற்றி ஒரு நிப்பிளும் கீழ்நோக்கிய எல்போவும் போட்டு, அடியில் வாளி வையுங்கள். பிறகு தண்ணீரை நன்றாகச் சூடாக்குங்கள், ஆனால் ஆவி கிளம்பக் கூடாது. பர்னரை அணைத்து, மின்சாரத்தையும் நிறுத்திவிடுங்கள். இப்போது பாய்லருக்குத் தண்ணீர் விடும் ஃபீட் வால்வை மயிரிழை அளவு திறந்துவிடுங்கள். தண்ணீர் மெல்ல ஏறி, அந்த நிப்பிளின் அடி உதட்டைத் தொட்டு, பென்சில் தடிமனுக்கு வழிய வேண்டும். அதற்கு மேல் வேகமானால் மேற்பரப்பு கலங்கிவிடும், எண்ணெய் உள்ளேயே சுற்றும். மூன்று நான்கு மணி நேரம் அப்படியே வழியட்டும். அவசரப்பட்டால் பலனில்லை. முடிந்ததா என்று பார்க்க, வழியும் தண்ணீரில் ஒரு டம்ளர் பிடித்து, சமையலுக்கு வைத்துக்கொள்ளாத ஒரு பழைய பாத்திரத்தில் அடுப்பில் கொதிக்கவிடுங்கள். நுரைத்துப் பொங்கினால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. சாதாரணத் தண்ணீர் மாதிரி கொதித்தால் போதும். பிறகு பிளக்கைப் போட்டு, தண்ணீரை வழக்கமான மட்டத்துக்கு இறக்கி, உடனே ஆவி வரும் வரை எரியவிடுங்கள். புதுத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் அப்போதுதான் வெளியேறும், இல்லாவிட்டால் இரும்பைத் தின்னும். புதிதாகப் போட்ட பாய்லருக்கு ஒரு முறை போதாது, ஓரிரு வார இடைவெளியில் இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். துருத் தடுப்பு மருந்தை அளவுக்கு மேல் கொட்டினாலும் இதே நுரை வரும்.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். கண்ணாடியில் தண்ணீரே தெரியாமல் பாய்லர் சூடாக இருந்தால், தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். அணைத்துவிட்டு முழுக்க ஆறட்டும். காய்ந்து கொதிக்கும் வார்ப்பிரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விட்டுவிடும், அதைவிட மோசமாகவும் நடக்கலாம்.

தண்ணீர் சுத்தமாக இருந்தும் ஈர ஆவி வந்தால், பாய்லருக்கு மேலே உள்ள குழாய் வேலையைப் பார்க்க வேண்டும். பழைய பாய்லர்கள் பெரிய வயிறும் பெரிய வாயும் உள்ளவை. ஆவி நிதானமாகக் கிளம்பும், தண்ணீர் உள்ளேயே பிரிந்துவிடும். இன்றைய பாய்லர்கள் சிறியவை. தண்ணீரைப் பிரிக்கும் வேலையை வெளியே உள்ள ஹெட்டர் குழாய்தான் செய்கிறது. அதனால்தான் பெரும்பாலான தயாரிப்பாளர்கள், தண்ணீர் மட்டத்திலிருந்து ஹெட்டர் குறைந்தது 24 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும் என்கிறார்கள். பாய்லரிலிருந்து ஏறும் குழாய்கள் முதலில், பிறகு வீட்டுக்குப் போகும் குழாய்கள், கடைசியில் தண்ணீரைத் திருப்பி இறக்கும் ஈக்வலைசர். இந்த வரிசை மாறவே கூடாது. இரண்டு ஏறு குழாய்களுக்கு நடுவிலிருந்து வீட்டுக் குழாயை எடுத்திருந்தால், இரு பக்கத்திலிருந்தும் வரும் ஆவி அங்கே மோதித் தண்ணீரை மேலே ஏற்றும். செம்பில் செய்த ஹெட்டரைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். மரை போட்ட இரும்பு ஹெட்டர் நீளும்போது மரைகள் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். பற்றவைத்த செம்பு கொடுக்காது, நாளடைவில் பற்று விடும், பாய்லரின் செக்‌ஷன்களையும் இழுத்துக் கெடுக்கும். அவசரத்தில் செய்த பாய்லர் மாற்று வேலைகளில் இந்த இடத்தில்தான் அதிகத் தப்பு நடக்கிறது. இதை வீட்டுக்காரர் கையால் செய்ய வேண்டாம். ஸ்டீம் தெரிந்த, உரிமம் உள்ள ஆளைக் கூப்பிட்டு, பாய்லர் புத்தகத்தின் குழாய்ப் படத்தை விரித்து வைத்துப் பேசுங்கள்.

பாய்லர் தேவைக்கு மேல் பெரிதா என்பதையும் நீங்களே கணக்குப் பார்க்கலாம். ரேடியேட்டரின் அளவைச் சூடு தரும் பரப்பின் சதுர அடியில் சொல்வார்கள். 26 அங்குல உயரம், மூன்று தூண் (column) ரேடியேட்டரில் ஒரு செக்‌ஷன் 3.75 சதுர அடி. பத்து செக்‌ஷன் என்றால் 37.5 சதுர அடி. சதுர அடிக்கு மணிக்கு 240 பிடியு (வெப்ப அளவு), ஆக 9,000 பிடியு. வீட்டில் உள்ள எல்லா ரேடியேட்டரையும் இப்படிக் கூட்டி, பாய்லர் தகட்டில் ‘ஸ்டீம்’ என்று போட்டிருக்கும் சதுர அடியோடு ஒப்பிடுங்கள். தகட்டு எண் மிகப் பெரிதாக இருந்தால், அந்தப் பாய்லர் தேவைக்கு மேல் ஆவி செய்து, குழாயில் வேகத்தையும் அழுத்தத்தையும் ஏற்றிக்கொண்டே இருக்கும்.

அழுத்தம்

குளிர் அதிகம் என்று அழுத்தத்தை ஏற்றி வைப்பவர்கள் இருக்கிறார்கள். அழுத்தம் கூடினால் வீடு சூடாகாது, தண்ணீர்தான் திரும்பாமல் நிற்கும். ஒரு பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம்) என்பது கிட்டத்தட்ட 28 அங்குல உயரத் தண்ணீரின் எடை. பம்பு இல்லாத சிஸ்டத்தில், பாய்லரின் அழுத்தத்துக்கு எதிராகத் தண்ணீர் தன் எடையால் மட்டுமே உள்ளே நுழைய வேண்டும். ஒற்றைக் குழாய் சிஸ்டத்தில் தண்ணீர் மட்டத்திலிருந்து மெயினின் தாழ்ந்த முனை வரை 28 அங்குலம் இடைவெளி விட்டதன் காரணம் இதுதான்: வழியில் இழக்கும் அரை பிஎஸ்ஐக்கு 14 அங்குலம், தண்ணீரைத் தள்ள 8, பாதுகாப்புக்கு 6. அழுத்தம் ஏறி அந்த இழப்பும் கூடினால், தண்ணீர் அந்தச் செங்குத்துக் குழாயில் ஏறிக்கொண்டே போய் மெயினுக்குள் எட்டிப்பார்க்கும். அப்புறம் சம்மட்டிதான். ரிட்டர்ன் காற்றுக்குத் திறந்திருக்கும் இரட்டைக் குழாய் சிஸ்டத்தில் நிலைமை இன்னும் கடுமை, முழு அழுத்தமும் கணக்கில் வரும்.

பாய்லரின் மேல், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சாம்பல் நிறப் பெட்டியில், ஹனிவெல் பிஏ404 மாடல் என்றால், வெளி அளவுகோலில் கட்-இன் (பர்னர் மறுபடி எரியும் அழுத்தம்) 0.5, மூடியைத் திறந்தால் தெரியும் வெள்ளைச் சக்கரத்தில் 1. இரண்டும் கூடி 1.5 பிஎஸ்ஐயில் பர்னர் அணையும். வெளி ஸ்க்ரூவை 0.5க்குக் கீழே இறக்காதீர்கள், உள்ளே இணைப்பு கழன்றுவிடலாம். பெட்டிக்கு அடியில் பன்றிவால் மாதிரி சுருண்ட குழாய் இருக்கும். அது துருவால் அடைத்திருந்தால் பெட்டிக்கு அழுத்தமே தெரியாது, நீங்கள் என்ன எண் வைத்தாலும் வீண். மின்சாரத்தை நிறுத்தி, பாய்லர் ஆறிய பின் கழற்றி, கம்பி விட்டுச் சுத்தம் செய்து, தண்ணீர் நிரப்பி மாட்டுங்கள். அந்தத் தண்ணீர்தான் ஆவி நேராகப் பெட்டிக்குள் போகாமல் காக்கிறது. விதிப்படி இருக்கும் 0–30 கேஜில் ஒன்றரை பிஎஸ்ஐ கண்ணுக்கே தெரியாது, பக்கத்தில் 0–3 கேஜ் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் தட்டினால்

பாய்லரின் பின்பக்கம், திரும்பி வரும் தண்ணீர்க் குழாய் மேலே ஏறி ஈக்வலைசரோடு சேரும் ஓர் இணைப்பு இருக்கும். ஹார்ட்ஃபர்ட் லூப். ஹார்ட்ஃபர்ட் ஸ்டீம் பாய்லர் காப்பீட்டு நிறுவனம் 1919இல் வலியுறுத்தத் தொடங்கியதால் அந்தப் பெயர். ரிட்டர்ன் குழாய் உடைந்தாலும் பாய்லர் முழுக்கக் காலியாகாமல் காப்பது அதன் வேலை. அந்த இணைப்பு தண்ணீர் மட்டத்துக்கு இரண்டு அங்குலம் கீழே, இருப்பதிலேயே குட்டையான நிப்பிளால் இருக்க வேண்டும். நீளமான நிப்பிள் போட்டிருந்தால், அல்லது இணைப்பு மட்டத்தை ஒட்டியே இருந்தால், கொதித்துத் தண்ணீர் கொஞ்சம் இறங்கியதும் அந்தப் படுக்கைத் துண்டுக்குள் ஆவி நுழைந்து திரும்பி வரும் தண்ணீரோடு மோதும். பாய்லரின் காலடியிலேயே, சுற்றின் முடிவில் மட்டும் கேட்கும் அடி இது.

தரையோரம் எப்போதும் தண்ணீர் நிறைந்தபடி ஓடும் ரிட்டர்ன் குழாய் இன்னொரு குற்றவாளி. வீடு முழுவதிலிருந்தும் வரும் துருவும் சேறும் அங்கேதான் படியும். அடைத்தால் தண்ணீர் மெதுவாகத் திரும்பும். அடையாளம்: பர்னர் எரியும்போது கண்ணாடியில் மட்டம் விறுவிறுவென்று இறங்கி, தானியங்கி ஃபீடர் தண்ணீர் சேர்த்து, அணைந்து வெகு நேரம் கழித்து மட்டம் வழக்கத்துக்கு மேல் ஏறி நிற்கும். டிரெயின் வால்வு இருந்தால் ஹோஸ் மாட்டி, வெளிவரும் தண்ணீர் தெளியும் வரை கழுவுங்கள். தெளியாவிட்டால் மாற்றிவிடுவதே மேல். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே உள்ள இந்தக் குழாய்க்குச் செம்பு தாராளமாகப் போடலாம்.

எரியாமல் இருக்கும்போதே மட்டம் ஏறினால் அது வேறு விஷயம். ஃபீட் வால்வு கசிகிறது, அல்லது பாய்லருக்குள் குளியல் வெந்நீருக்கென்று ஒரு சுருள் குழாய் இருந்தால் அதில் ஓட்டை. ஃபீட் வால்வை இறுக்க மூடி ஓர் இரவு விட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

“புது பாய்லர் போட்டோம், அதுவரை சத்தமே இல்லை” என்கிறவர்கள் பழைய பாய்லரின் தண்ணீர் மட்டத்தைத் தேட வேண்டும். சுவரிலோ பழைய புகைப்படத்திலோ அடையாளம் இருக்கும். புதியது குள்ளமானால், முன்பு தண்ணீருக்குள் மூழ்கியிருந்த ரிட்டர்ன் இணைப்புகள் இப்போது வெளியே தலைநீட்டும். ஒரு மெயினின் ஆவி அந்த வழியாக இன்னொரு மெயினின் முனைக்குப் பின்பக்கமாகப் போய்ச் சேரும். ஒவ்வொரு மெயினின் இறங்கு குழாயையும் புது மட்டத்துக்குக் கீழே தனித்தனியாக இறக்கி, அங்கே ஒன்றுசேர்க்க வேண்டும். பாய்லரை உயரமான பீடத்தில் ஏற்றுவதும் ஒரு வழி, ஆனால் மேலே அந்த 28 அங்குலம் மிஞ்ச வேண்டும்.

உறை கழற்றிய குழாய்கள்

மூடாத குழாய் மூடிய குழாயைவிடப் பல மடங்கு சூட்டை இழக்கும். இழக்கும் சூடெல்லாம் குழாய்க்குள்ளேயே தண்ணீர். முன்பு சத்தமில்லாத வீடு, உறையை உரித்த பிறகு தட்டத் தொடங்குவது இதனால்தான். ஒரு அங்குலத் தடிமன் ஃபைபர் கிளாஸ் உறை போடுங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் கறுப்பு ஃபோம் வெந்நீர்க் குழாய்க்கு உரியது, ஆவிச் சூட்டில் உருகும். குழாயின் மேல் வெள்ளையாக, சுண்ணாம்பு பூசிய துணி மாதிரி பழைய உறை இன்னும் இருந்தால் தொடாதீர்கள், பிய்க்காதீர்கள், பெருக்காதீர்கள். அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்க வாய்ப்பு அதிகம். சோதித்துப் பார்த்து, உரிமம் உள்ளவர்களைக் கொண்டுதான் எடுக்க வேண்டும்.

வாடகைக்கு இருப்பவர்கள் வால்வு முழுக்கத் திறந்திருக்கிறதா என்று பார்க்கலாம், ரசமட்டம் வைத்துப் பார்க்கலாம், அதற்கு மேல் கை வைக்க வேண்டாம். தட்டும் நேரத்தையும் அறையையும் ஒரு வாரத்துக்கு எழுதி, ஒலியோடு வீடியோ எடுத்து, கட்டடத்தைப் பராமரிக்கும் சூப்பர்இன்டென்டென்டிடம் எழுத்தில் கொடுங்கள். தட்டுகிறது என்று ரேடியேட்டரை மூடிவைத்துவிட்டுக் குளிரில் கிடக்க வேண்டியதில்லை. நியூயார்க் நகரில் அக்டோபர் 1 முதல் மே 31 வரை, வெளியே 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால், காலை 6 முதல் இரவு 10 வரை வீட்டுக்குள் 68 டிகிரியும், இரவில் வெளியே எப்படி இருந்தாலும் 62 டிகிரியும் கட்டட உரிமையாளர் தந்தாக வேண்டும். தராவிட்டால் நகரத்தின் புகார் எண் 311ஐக் கூப்பிடுங்கள்.